கிரனாதாவுக்குப் போகும் யாழினிக்காக

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் போடச் சொல். இங்கே ரேவதிக்குத் தேனிக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூனுக்குள் வீடு பார்க்க வேண்டும்.

யாழினிக்கு ஸ்பெயினில் கிரனாதா பல்கலைக்கழகத்தில் ஒரு கல்வியாண்டு பரிமாற்ற மாணவியாகப் படிக்க இடம் கிடைத்தது அருமையான செய்தி. 1531-இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் அது. ஐரோப்பாவில் பரிமாற்ற மாணவர்களை மிக அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று. அதனால் நம் பிள்ளைகள் கேட்கும் எந்தக் கேள்வியும் அங்குள்ள சர்வதேச அலுவலகத்துக்குப் புதிதாக இருக்காது. நீ விசாவைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறாய். நான் பாடத்தேர்விலிருந்து தொடங்குகிறேன். விசா தாமதமானால் சில வாரம் போகும். பாடத்தைத் தவறாக எடுத்துவிட்டால், திரும்பி வந்தபின் இங்கே கல்லூரி அதைக் கணக்கில் சேர்க்காது. ஒரு வருடமே போய்விடும்.

அங்கே படிப்பின் அளவு ஈசிடிஎஸ் கிரெடிட், ஐரோப்பாவின் பொதுவான பாட அளவு அது. வருடத்துக்கு 60, அரையாண்டுக்கு 30. பெரும்பாலான பாடங்களுக்கு ஆறு கிரெடிட், ஆக அரையாண்டுக்கு ஐந்து பாடம். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. புது மொழியில் படிப்பவளுக்கு இது இன்னும் கூடும். இரண்டு பல்கலைக்கழகங்களும் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு இடம் கொடுத்தால், முதல் அரையாண்டில் நான்கு பாடத்தோடு நிறுத்துவதே நல்லது.

எந்தப் பாடம் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைக் கற்றல் ஒப்பந்தம் என்ற படிவத்தில் எழுதி, மாணவி, இங்குள்ள கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கியா தொசென்தே’ என்று ஒரு பாட வழிகாட்டி இணையத்தில் இருக்கும். எந்த அரையாண்டில் நடக்கிறது, எந்த மொழியில், மதிப்பெண் எப்படிப் பிரிகிறது எல்லாம் அதில் உண்டு. அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் நேர அட்டவணை. ஒரே பாடத்துக்குக் காலைக் குழு, மாலைக் குழு என்று பல குழுக்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கோட்பாட்டு வகுப்புக்கு ஒரு பெரிய குழு, பயிற்சி வகுப்புக்குச் சிறு குழு. இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றையும் மூன்றாம் ஆண்டுப் பாடம் ஒன்றையும் சேர்த்து எடுத்தால் கோட்பாட்டு வகுப்பு பொருந்தும், பயிற்சி வகுப்பு மோதும். அதனால் குழு எழுத்தோடு சேர்த்து வாரம் முழுவதையும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். ஐந்து பாடம் எடுப்பதானால் ஏழு பாடத்துக்கு இங்கே முன் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். போன பிறகு மாற்ற வேண்டி வரும். அதற்கென்று குறித்த சில நாட்கள் உண்டு. ‘சரி, மாற்றிக்கொள்’ என்று பேராசிரியர் மின்னஞ்சலில் எழுதினால் போதாது. திருத்திய ஒப்பந்தத்தில் மறுபடியும் மூன்று கையெழுத்து வேண்டும்.

மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து பத்துவரை. ஐந்து தேர்ச்சி, ஏழு ‘நோதாப்லே’, ஒன்பது ‘சோப்ரெசாலியென்தே’. அதற்கும் மேலே ஒரு தனிச் சிறப்பு உண்டு, ஆனால் ஒரு பாடத்தில் சேர்ந்தவர்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அங்கே ஏழு என்பது நல்ல மதிப்பெண். அதை இங்கே அப்படியே 70 சதவீதம் என்று எழுதிவிட்டால் பெண்ணுக்கு நஷ்டம். மதிப்பெண்ணை எப்படி மாற்றுவோம் என்பதைக் கல்லூரி இப்போதே எழுத்தில் தர வேண்டும். இதை நீ நேரில் போய்க் கேள், சுந்தரம். தள்ளிப்போடாதே.

பொதுவாகத் தொடர் மதிப்பீடுதான்: பயிற்சித் தாள்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுதல், பிறகு எழுத்துத் தேர்வு. பல பாடங்களில் எழுத்துத் தேர்வில் பத்துக்கு நான்கு வாங்கினால்தான் பயிற்சி மதிப்பெண்ணையே கூட்டுவார்கள். இது வழிகாட்டியில் ஒரு வரியாகத்தான் இருக்கும், கண்ணில் படாது. தொடர் மதிப்பீடு வேண்டாம், ஒரே இறுதித் தேர்வு போதும் என்றால் பாடம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொள்குறி வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது அங்கே வழக்கம்; மூன்று தவறு ஒரு சரியை விழுங்கும் கணக்கு நிறைய இடங்களில் உண்டு. எல்லாக் கேள்விக்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வரும் நம் பழக்கம் அங்கே ஆகாது. பொருளியல் படிப்பதால் எண்களிலும் கவனம் வேண்டும். தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. அவர்களுடைய ‘பில்லியோன்’ நம் லட்சம் கோடி. ஆங்கிலத்தில் பில்லியன் என்பது நூறு கோடிதான்.

பார்சிலோனா கிடைக்கவில்லை என்று அவள் வருந்துவதாக எழுதியிருக்கிறாய். வருந்த வேண்டாம். அங்கே பல வகுப்புகள் கத்தலான் மொழியில் நடக்கும். வலென்சியா, சந்தியாகோ பக்கமும் உள்ளூர் மொழி வகுப்புகள் உண்டு. பி1 என்ற இடைநிலை அளவில் ஸ்பானியம் மட்டும் தெரிந்தவளுக்குக் கிரனாதா நல்ல இடம். உச்சரிப்பு மட்டும் முதலில் திணற வைக்கும். கிரனாதா இருக்கும் அந்தலூசியா மாநிலத்துக்காரர்கள் சொல்லின் கடைசி ‘ஸ்’ ஒலியை விழுங்கிவிடுவார்கள், வேகமும் அதிகம். கனால் சூர் என்ற அந்த மாநிலத் தொலைக்காட்சியின் செய்தியைத் தினமும் அரைமணி நேரம் கேட்கட்டும். பாடநூலின் ஒலிப்பதிவைவிட அது பயன் தரும். ஸ்பானிய மொழிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் சியெலே தேர்வு எழுதலாம். கணினித் தேர்வு என்பதால் முடிவு சீக்கிரம் வரும், ஐந்து வருடம் செல்லும். தெலே என்ற இன்னொரு ஸ்பானியத் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளுக்கென்றே வரும் சிக்கல் இது. கல்லூரிப் பதிவில் ‘யாழினி எஸ்’. பாஸ்போர்ட்டில் ‘யாழினி சுந்தரம்’ என்றோ, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ இருக்கும். ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர். படிவத்தில் முதல் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கணினி ஏற்காது. அப்போது ஆளுக்கொரு விதமாக நிரப்பிவிடுவார்கள். கடைசியில் அங்கிருந்து வரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர் இங்குள்ள பெயரோடு ஒத்துப்போகாது. பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பி, எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, எப்படிப் பதிவது என்று அங்குள்ள அலுவலகத்தை முன்கூட்டியே கேட்கச் சொல். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கல்லூரி முதல்வரிடமும் ஒரு கடிதம் வாங்கிக் கையில் கொடுத்தனுப்பு.

இனி விசா. 180 நாளுக்கு மேல் தங்குவதால் காவல்துறை நற்சான்றும் மருத்துவச் சான்றும் சேர்த்துக் கேட்பார்கள். நற்சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கி, வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை பெற்று, அதன் பிறகே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும். முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு முத்திரை வாங்கினால், முத்திரையின் மொழிபெயர்ப்பு இல்லாமல் போய் மறுபடியும் செலவு. மருத்துவச் சான்றில் 2005-ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகளைக் குறிப்பிடும் வாசகம் இருக்க வேண்டும். ‘நலமாக இருக்கிறார்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காப்பீடு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பயணக் காப்பீடு செல்லாது. ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் முழு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஒவ்வொரு முறையும் நாம் ஒரு பங்கு கட்டுவதும், இத்தனை மாதம் கழித்துத்தான் செல்லும் என்ற காத்திருப்பும் அதில் இருக்கக் கூடாது. பணத்துக்கு அளவுகோல் இப்ரெம் என்ற அரசுக் குறியீடு: மாதம் 600 யூரோ, பத்து மாதத்துக்கு 6,000. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டிய ரசீது இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். 600 என்பது சட்டம் கேட்கும் அடிமட்டம்தான். கையில் அதற்கு மேலேயே இருக்கட்டும்.

போய் இறங்கியதும் ஒரு மாதத்துக்குள் ‘தியே’ என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வரிசைதான் முக்கியம். அறை ஒப்பந்தம் இருந்தால்தான் நகராட்சியில் முகவரிப் பதிவு. ‘எம்பாத்ரோனமியென்தோ’ என்கிற அந்தப் பதிவுச் சான்றை, அட்டைக்கு விண்ணப்பிக்கும் காவல் நிலையத்தில் கேட்பார்கள். காவல் நிலையத்துக்குப் போக இணையத்தில் முன்பதிவு வேண்டும், நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வீட்டுச் சொந்தக்காரர் சிலர் முகவரிப் பதிவுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். அறை பேசும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், மாட்டேன் என்றால் அந்த அறை வேண்டாம். முன்பதிவு இலவசம், காசு வாங்கிக்கொண்டு நாள் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் போகக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: ஈஎக்ஸ்-17 படிவம், 790-012 கட்டணச் சீட்டை வங்கியில் கட்டிய ரசீது, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சேர்க்கைக் கடிதம். பாரிஸ் அல்லது பிராங்பர்ட் வழியாகப் போனால் நுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், ஸ்பெயின் வந்த நாளுக்கு வேறு சாட்சி இருக்காது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்.

அறையை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. முதல் பத்து நாளுக்கு விடுதி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். அவளுடைய பொருளியல் துறை கார்துகா மேட்டில் இருக்கிறது, பேருந்து வசதி உண்டு. பேதுரோ அந்தோனியோ தெ அலார்கோன் தெருவில் மாணவர் கூட்டம் அதிகம், இரவில் தூக்கம் வராது. அதற்கு ஒரு தெரு தள்ளிப் பார்க்கலாம். சன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா, கட்டடத்தின் உள் முற்றத்தைப் பார்த்தா என்பதையும், வெப்பமூட்டும் வசதிக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் கேட்க வேண்டும். கிரனாதா கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் அளவு உயரத்தில், பனிமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும், தரையோ டைல்ஸ். கனமான கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இங்கிருந்து கம்பளிக் காலுறை போதும்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும். வெளியே சாப்பிடும்போது ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைத் துண்டோ சூரை மீனோ வந்து சேரும்; இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.

இன்னொன்று. அங்கே கடைசி மதிப்பெண் ஜூலையில்தான் முழுமையாக வெளிவரும், இங்கே இறுதியாண்டு அதற்கு முன்பே தொடங்கிவிடும். மதிப்பெண் வரும்வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரி எழுதித் தருமா என்று, மதிப்பெண் மாற்றம் பற்றிக் கேட்கப் போகும்போதே இதையும் கேட்டுவிடு.

யாழினியின் பாடப் பட்டியலைக் குழு எழுத்தோடு எனக்கு அனுப்பச் சொல். கையெழுத்திடும் முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கதிர்