ஹானர்ஸ் மாணவர்களை மலைக்கும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘வேளாண் கல்லூரி மாணவிகள் விவசாயிகளுக்குச் செயல்விளக்கம்’ என்று உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி படம் வருகிறது. வரப்பில் நின்று மஞ்சள் ஒட்டுப்பொறியையோ விதைநேர்த்தி செய்த நெல்லையோ காட்டும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. சமவெளியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஹானர்ஸ் வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை. அந்தப் படங்களில் எங்கள் மலையூர்களை நான் காண்பது மிக அரிது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹானர்ஸ் என்றால் ஊரில் பலருக்கு விளங்குவதில்லை. மற்ற பிள்ளைகள் மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிவிடும்போது இவளுக்கு மட்டும் ஏன் நான்கு ஆண்டு என்று கேட்கிறார்கள். “பூண்டு நடுவதற்கா நான்கு வருடம்?” என்று சித்தப்பாவே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் பாடங்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘2+1’ என்று போட்டிருக்கும். இரண்டு வகுப்பறைக்கு, ஒன்று செய்முறைக்கு. அந்த ஒன்றுதான் எங்கள் பொழுதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பாத்தி. விதைப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் எடை போடுவதும் நாங்களேதான். பூச்சியியல் படிக்கும் பருவத்தில் விடுதி அறையில் கால் வைக்க இடமிருக்காது, எங்கு பார்த்தாலும் பூச்சிப்பெட்டி. வலை வீசிப் பிடித்ததை உடல் விறைப்பதற்குள் ஊசியில் குத்த வேண்டும். வண்டு என்றால் வலப்பக்கத்துக் கெட்டி இறக்கையில், வண்ணத்துப்பூச்சி என்றால் நெஞ்சின் நடுவில். இடம் மாறினால் பெட்டி அப்படியே திரும்பி வரும். நள்ளிரவு வரை நான்கைந்து பேர் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து, ஒடிந்துவிடாமல் வெட்டுக்கிளியின் கால்களைப் பிரித்து வைப்போம். ரெக்கார்டு நோட்டு, தேர்வு, ஓ.ஜி.பி.ஏ. என்னும் மொத்த மதிப்பெண் சராசரி பற்றிய கவலை எல்லாம் அதற்குப் பிறகு.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் நான். கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்ள வைத்தது மேல்வகுப்பு அக்காக்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் இத்தனை உழைப்பும் சமவெளிப் பயிர்களைச் சுற்றியே நடக்கிறது. மண் வகுப்பில் களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதை வயலிலேயே செய்து பார்த்தோம். எங்கள் மேல்மலை மண் அமில மண். அதற்கு வேண்டியது சுண்ணாம்பு. அதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி.

ஏழாவது பருவத்தில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் வருகிறது. ஒரு குழுவாகக் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழக வேண்டும். நான்கு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த மாதங்கள்தான். ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை செய்து காட்டினோம். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பதம் பார்க்க இரும்பு கேட்டேன். ஒரு பெரியவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். நனைத்து எடுத்தபோது முனையில் செம்பு நிறம் படிந்திருந்தது. துத்தம் மிகுதி, சுண்ணாம்பு போதவில்லை என்று அதற்குப் பொருள். இன்னும் சேர்த்துக் கலக்கி மறுபடி நனைத்தோம், கத்தி வெள்ளையாகவே வந்தது. “இத்தனை நாள் கண்ணால் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன் அம்மா” என்றார். பிறகு அவரே பக்கத்துத் தோட்டக்காரரைக் கூட்டி வந்து காட்டினார்.

அன்றைக்கு எனக்கு எங்கள் ஊர் நினைவுதான். கீழ்மலைக் காபித் தோட்டக்காரர்கள் இலைத்துரு நோய்க்கு இந்தக் கலவையை அறிந்தவர்கள். மேல்மலையில் உருளைக்கிழங்குக்குக் கருகல் வந்தால் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. அளவும் அவர் சொல்வதுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் வேறு ஆள் இல்லை.

மலைக்கு ஏன் குழு அனுப்புவதில்லை என்று கல்லூரியில் கேட்டேன். பெண் பிள்ளைகள், பஸ் குறைவு, காட்டுமாடு நடமாட்டம், மழை என்றார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்களில் பெண் பிள்ளைகள் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறோம்? கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களே இருக்கின்றன. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீலகிரியில் ஊட்டியிலும் நிலையம் உண்டு. இவற்றைச் சார்ந்து ஒரு குழுவைத் தங்கவைப்பது முடியாத காரியம் அல்ல.

மாணவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டைப் பல்லாகப் பிரித்தே நடுகிறோம். ஆகவே விதைப்பூண்டில் நோய் இருந்தால் அடுத்த வெள்ளாமைக்கும் அது போகும். எந்தப் பூண்டு விதைக்கு, எது வடுகபட்டிச் சந்தைக்கு என்று அப்பா கையில் எடுத்த உடனே பிரித்துவிடுவார். எதை வைத்துப் பிரிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத ஹானர்ஸ் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

வரும் ஆண்டுப் பணி அனுபவத் திட்டப் பட்டியலில் எங்கள் பழனி மலைத்தொடரில் மேல்மலைக்கு ஒரு குழு, கீழ்மலைக்கு ஒரு குழு, நீலகிரிக்கு ஒரு குழு என்றாவது ஒதுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக நிர்வாகத்தையும் தோட்டக்கலைத் துறையையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பூம்பாறைக்கு மாணவிகள் வந்தால் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகையின்றித் தர அப்பா சம்மதித்திருக்கிறார். பூண்டு நடவுக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டால் விதை பொறுக்குவதிலிருந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வேளாண்மை இறுதியாண்டு மாணவி,
பூம்பாறை, கொடைக்கானல்.