உள்ளே ஒட்டிய சீட்டை நம்பி வயலின் விற்காதீர்கள், வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரின் வரி விளம்பரங்களில் போன மாதம் ஒன்று பார்த்தேன். '300 வருடப் பழைய இத்தாலி வயலின், ஸ்ட்ராடிவாரியஸ், விலை நேரில்' என்று இருந்தது. ஸ்ட்ராடிவாரியஸ் என்றால் ஸ்ட்ராடிவாரி என்ற பேர்போன வயலின் மாஸ்டர் கையால் செய்தது என்று அர்த்தம். விளம்பரம் கொடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் வயலினுக்குள் எட்டிப் பார்த்திருப்பார், உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். என்னிடமும் அதே சீட்டு ஒட்டிய வயலின் ஒன்று இருக்கிறது. அதை விற்க இரண்டு மாதமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை நம் ஆட்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மாட்டுங்காவில் நாங்கள் இருக்கும் கட்டிடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது. வாடகை வீட்டில் ஒரு ரூம் குறைவு. முப்பது வருடமாகச் சேர்த்த இரண்டு வீணை, ஒரு பலாமரத் தம்புரா, ஹார்மோனியம், ஐந்து வயலின் எல்லாவற்றுக்கும் அங்கே இடமில்லை. சரி, வயலின்களில் மூத்ததை வாசிக்கிற யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 1996-ல் சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு கிராமபோன் கடையில் வாங்கியது. பெட்டிகூடக் கிடையாது, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

வயலினின் எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தச் சீட்டு தெரியும். 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ்' என்று லத்தீனில் இரண்டு வரி, அதிலேயே 17 என்று தொடங்கும் ஒரு வருடம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி'. முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம். ஸ்ட்ராடிவாரி இத்தாலியின் கிரெமோனா ஊர்க்காரர், 1737-ல் இறந்துவிட்டார். அவர் கையால் செய்து இன்று மிஞ்சியிருப்பவை எல்லா வாத்தியமும் சேர்த்து சுமார் 650தான், அநேகமாக ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 'மேட் இன் ஜெர்மனி' என்பதோ 1887-ல் பிரிட்டன் போட்ட ஒரு சட்டத்தால் பரவிய முத்திரை. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் குடிசைத் தொழில் மாதிரி வயலின் செய்தார்கள், ஒரு வீட்டில் வயலின் தலையில் இருக்கும் சுருள் மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் முதுகுப் பலகை மட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, எந்த மாஸ்டரின் அச்சைப் பார்த்துச் செய்தார்களோ அந்தப் பெயர் போட்ட சீட்டை ஒட்டி, உலகம் முழுக்க கப்பல் ஏற்றினார்கள். வாங்கினவர்களுக்கும் அது நகல் என்று தெரியும். மூன்று தலைமுறை தாண்டி பரணில் இருந்து எடுக்கும்போதுதான் நமக்கு அது தங்கப் புதையலாகத் தெரிகிறது.

பழைய வாத்தியம் வாங்கி விற்கும் ஒருவரிடம் முதலில் காட்டினேன். பெயர் வேண்டாம். வாங்கி, தந்தியை ஒரு தடவைகூட மீட்டாமல், டார்ச் அடித்து சீட்டைப் பார்த்தார். "அந்த ஜெர்மனி வரியை மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டால் இரண்டு லட்சம் வரை போகும் சார், நீங்கள் எதுவும் பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும்" என்றார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை இரண்டு லட்சம் கொடுத்து வாங்கப் போவது யார்? டோம்பிவிலியிலோ செம்பூரிலோ, பெண்ணுக்கு நல்ல வயலின் வேண்டும் என்று பி.எஃப். பணத்தை எடுக்கும் ஒரு அப்பாதானே.

சீட்டை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்தால் இந்த வயலின் தன் கதையைத் தானே சொல்லும், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தாடை வைக்கும் கட்டையின் கவ்வி அழுத்திய தடம் கீழ் ஓரத்தில் இருக்கிறது, அதை ஒட்டி வார்னிஷ் வியர்வையில் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ கழுத்தில் இடுக்கி மணிக்கணக்கில் வாசித்த ஆள். இந்த ஊரில் அது யாராக இருக்கும் என்று ஊகிக்கலாம். இந்திப் படப் பாட்டுகளுக்குக் கூட்டமாக வயலின் வாசித்தவர்களில் கோவாக்காரர்கள் நிறைய பேர். சிந்தசைசர் வந்தபின் அந்தக் கூட்டம் கலைந்தது, வாத்தியங்கள் பஜாருக்கு வந்தன. ஆனால் சுருளின் ஒரு பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள், அங்கே மட்டும் செதுக்கின கூர்மையே இல்லை, கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். அது பாதத்தில் ஊன்றித் தேய்ந்த தேய்மானம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கணுக்கால் பக்கம் சுருளை வைத்து வாசிப்பது நம் நாட்டு வித்வான்கள்தான். விரல் பலகையில் முதல் தந்திக்குக் கீழே நீளமாக ஒரு பள்ளம், எத்தனை வருடம் ஸ்வரத்தை அசைத்து அசைத்துக் கமகம் இழுத்த விரலோ. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். அந்த மேல்நாட்டு வாசிப்பும் நம் வாசிப்பும் ஒரே மரத்தில் பதிந்திருப்பதை விரலால் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைப் போய் ஒரு பொய்ச் சீட்டுக்காக விற்பதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்பை மழைக்காலத்தில் வயலினின் மேல் பலகை ஓரம் விட்டுக்கொள்வது சகஜம். தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டியிருப்பார்கள், ஈரத்தில் அது இளகும், மரம் வெடிப்பதற்குள் ஒட்டு விடட்டும் என்பதற்காகவே அப்படி. தெரிந்தவர் அதே பசையால் மறுபடி ஒட்டிக் கொடுத்துவிடுவார். நான் 2005-ல் அவசரப்பட்டு ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன், அவர் தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையைப் போட்டு இறுக்கிவிட்டார். அடுத்த சீசனில் ஒட்டு அசையவில்லை, பலகை விரிந்தது, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு. சரி செய்தாயிற்று, நாதம் கெடவில்லை, ஆனால் விரிசல் விரிசல்தான். வாங்க வருகிறவரிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

வீட்டில் தாத்தா காலத்து வயலின் வைத்திருப்பவர்களுக்கு: படம் எடுப்பதற்காக எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி சாய்ந்துவிடும். வில்லின் நுனித் தகடு தந்தமாக இருக்கலாம், தந்தம் விற்பது நம் நாட்டில் குற்றம், அதனால் வில்லைத் தெரிந்தவரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள். தயவுசெய்து பழைய சாமான் வாங்கும் பங்கார்காரரிடம் எடை போட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஒரு வித்வானையோ நன்றாகக் கற்றுக்கொண்ட மாணவரையோ கூப்பிட்டு, சுருதி சேர்த்து அரை மணி வாசிக்கச் சொல்லுங்கள், விலை அப்புறம் பேசலாம்.

என் வயலினுக்கு 35,000 ரூபாய் சொல்லியிருக்கிறேன். போன வாரம் முலுண்டில் இருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாளாம். சீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. விரிசலைக் காட்டினேன், குனிந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், தேய்ந்த அந்த விளிம்பு அவள் பாதத்தில் சரியாகப் பொருந்தியது. கல்யாணி ராகத்தை மெதுவாக, விளம்ப காலத்தில் எடுத்து, கீழே மந்தர ஸ்தாயிக்கு இறங்கியபோது சமையலறையில் இருந்த என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவர்கள் இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டார்கள், நாலாகவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும், எங்கே வாங்கினேன், யார் செய்த மாதிரி இருக்கிறது, விரிசல் எப்படி வந்தது, எந்தப் பசை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் வரி விளம்பரப் பகுதிக்கு வாத்திய விளம்பரம் கொடுக்க வருபவர்களிடமும், ரிப்பேர் உண்டா, வாசிக்கும் நிலையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்டு அதையும் சேர்த்துப் போட முடியுமா? கூட ஒரு வரி ஆகும், அவ்வளவுதான். '300 வருடம்' என்று போட்டிருந்த அந்த அன்பர் இதைப் படித்தால், டார்ச்சை எடுத்து மூன்றாவது வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.