நாடி பிடிக்கக் கத்துக்குடுத்தவங்களுக்கும் நாள் நீட்டிச்சுக் குடுத்தவங்களுக்கும் என் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகா, தேவாலா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கேன், வயசு 41. போன வாரம் என் கைக்கு சர்ட்டிபிகேட் வந்துச்சு. ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்னு போட்டிருக்கு, அதாவது ஆஸ்பத்திரியில நோயாளிங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்குற வேலை. வாங்குன அன்னிக்கே எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு இருந்துச்சு, ஆனா யார மொதல்ல சொல்றது யார விடுறதுன்னு தெரியாம நாலு நாளு போயிடுச்சு. இப்ப பொண்ணோட போன்ல உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஆத்தா சின்ன வயசுல இலங்கையில இருந்து கப்பல்ல வந்து இறங்கினவங்க. 1964-ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், அதுல வந்த குடும்பம்தான் எங்களுது, கூடலூர் பந்தலூர் பக்கம் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆத்தாவும் கொழுந்து எடுத்தாங்க, நானும் 17 வயசுல இருந்து எடுத்தேன். வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டுல பிரச்சனை வந்து படுத்ததுக்கு அப்புறம் தற்காலிக ஆளா போற என் சம்பளம் மட்டும்தான், இலை இருந்தா வேலை, இல்லேன்னா வீட்டுலதான் இருக்கணும்.

அப்பதான் எங்க மகளிர் குழு கூட்டத்துல, குழுக்களோட கூட்டமைப்புல இருக்குற அக்கா வந்து சொன்னாங்க, தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனானு ஒரு திட்டம் இருக்கு, மத்திய அரசு 60 பங்கு மாநில அரசு 40 பங்கு பணம் போடுது, நம்ம கையில இருந்து ஒத்த ரூபா வேணாம், படிச்சு முடிச்சா வேலைக்கும் அவங்களே ஏற்பாடு பண்ணணும்னு. நான் சொன்னேன் எனக்கு 41 ஆச்சு அக்கா, அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு. அதுக்கு அவங்க, பொதுவா 35 வரைக்கும்தான், ஆனா பொம்பளைங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் பண்டைய பழங்குடி மக்களுக்கும் 45 வரைக்கும் இருக்கு, நீ வா, நான் பேரு எழுதுறேன்னு அங்கேயே எழுதிட்டாங்க. அக்கா, அன்னிக்கு நீங்க வீட்டுல கேட்டுட்டு வான்னு சொல்லி விட்டிருந்தா நான் திரும்ப வந்திருக்க மாட்டேன். உங்களுக்குத்தான் மொத நன்றி.

கூடலூர் பயிற்சி சென்டர்ல நாங்க 27 பேரு. அதுல பாதிக்கு மேல தோட்டத்துப் பொம்பளைங்க, பணியர் வீட்டுப் பொண்ணுங்க மூணு பேரு, காட்டுநாயக்கர் பையன் ஒருத்தன். தமிழ்நாட்டுல பண்டைய பழங்குடின்னு சொல்ற ஆறு இனமும், தோடர் கோத்தர் குறும்பர் இருளர் பணியர் காட்டுநாயக்கர், எல்லாமே நம்ம நீலகிரியில இருக்காங்க, ஆனா ஒரே பெஞ்சுல அவங்க கூட உக்காந்து நான் படிச்சது இதுதான் மொத தடவை.

டீச்சரப் பத்தி சொல்லணும். ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ், ஊட்டியில இருந்து வந்து கூடலூர்ல ரூம் எடுத்துத் தங்கி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மூணாவது நாளே நாடி பாக்குறது. மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் மூணு விரல வைக்கணும், நம்ம கட்டைவிரல வைக்கக் கூடாது, ஏன்னா கட்டைவிரலுக்கே தனித் துடிப்பு இருக்கு, நம்ம துடிப்பையே எண்ணிட்டு வந்துடுவோம். எல்லாரும் எண்ணி 72, 80ன்னு எழுதுறாங்க, எனக்கு ஒண்ணுமே தட்டுப்படல. இருபத்தி நாலு வருஷமா கொழுந்து கிள்ளுன விரலுங்க, நுனி காய்ச்சுப்போய் கல்லு மாதிரி இருக்கு, தேயிலைக் கறை நகக்கண்ணுல ஏறி எத்தனை தேய்ச்சாலும் போகாது. எனக்கு அழுகையே வந்துடுச்சு, கையே மரத்துப்போச்சு இதுல எங்க நர்ஸ் வேலைன்னு. டீச்சர் பக்கத்துல வந்து உக்காந்து என் விரல எடுத்து அவங்க மணிக்கட்டுல வச்சாங்க. அழுத்தாத, நீ அழுத்துற அழுத்துல ரத்த ஓட்டமே நின்னுடுது, அப்புறம் எப்படி தட்டுப்படும், ஆள்காட்டி விரல விட்டுட்டு நடுவிரலையும் மோதிர விரலையும் பூ மேல வைக்கிற மாதிரி வையின்னாங்க. பணியர் பொண்ணு ஒருத்தி, 19 வயசுதான், மதியச் சாப்பாட்டு நேரத்துல எல்லாம் தன் கைய நீட்டி இன்னொருக்கா பிடிச்சுப் பாருங்க அக்கான்னு சொல்லிச் சொல்லி நாலு நாளு உக்காந்தா. அஞ்சாம் நாளு லேசா ஒண்ணு தட்டுச்சு. நான் கண்ண மூடி முழுசா ஒரு நிமிஷம் எண்ணுனேன், 84. தங்கச்சி, உன் கைக்கு நான் என்ன குடுத்தாலும் தகும்.

அதே விரலாலதான் பெரிய தொந்தரவும் வந்துச்சு. சென்டர்ல வருகைய கைரேகை மெஷின்ல வைக்கணும், ஆதாரோட சேத்தது. எங்க தோட்டத்து ஆளுங்க பல பேருக்கு ரேகையே தேய்ஞ்சு போச்சு, மெஷின் எடுக்கல. ரேஷன் கடையில பட்ட பாடுதான் இங்கேயும். ஈரத்துணியில துடைச்சு, எண்ணெய் தடவி, பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சு, எடுக்கல எடுக்கலன்னுதான் வருது. அதுக்கு மேல நாங்க சேந்தது ஜூன் மாசம். தேவாலா மழையப் பத்தி இங்க இருக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதுல இருந்து மழைன்னாலே எல்லாருக்கும் பயம், ரெட் அலர்ட் விட்டா சென்டரும் லீவு, விடலேன்னா நாடுகாணியில மரம் விழுந்து பஸ் நிக்கும், அதுவும் இல்லேன்னா ரோட்டுல யானை நிக்குதுன்னு டிரைவர் வண்டிய ஓரங்கட்டிடுவாரு. செப்டம்பர்ல கணக்குப் பாத்தா 11 பேருக்கு வருகை நாளு பத்தல, பரிட்சை எழுத முடியாது, பேட்ச் முடியுற தேதி வந்தா முடிஞ்சதுதான்.

ஒரு ஆபீஸ்ல போயி கேட்டோம். மெஷின்ல இல்லேன்னா நீங்க வரலேன்னுதான் அர்த்தம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு பஸ்ல வரும்போது ஒருத்தரும் பேசல. கூலிய விட்டுட்டு மூணு மாசம் போயிட்டு வந்திருக்கோம், பிள்ளைங்கள மாமியார்கிட்ட விட்டுட்டு, ஒரு வேளை சமைச்சத ரெண்டு வேளைக்கு வச்சுட்டு வந்திருக்கோம், அதைப் போயி வரலேன்னு சொன்னா வலிக்காதா.

அந்த நேரத்துல எங்கள காப்பாத்துனது ஒரு நோட்டு. டீச்சர் மொத வாரத்துலயே மெஷின் எடுக்கலன்னு பாத்துட்டு 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கி, பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, தினமும் காலையில வந்த நேரம், சாயங்காலம் போற நேரம், எதிர்க்க எங்க கையெழுத்து, ஒரு நாள் விடாம எழுதி வச்சிருந்தாங்க. மழையால லீவு விட்ட நாளுக்கு சிவப்பு மையில 'மழை'ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அதைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துக்கிட்டு நாங்க எட்டு பேரு ஒரு திங்கக்கிழமை விடியக்காலை பஸ் பிடிச்சு, நடுவட்டத்துல எதிர்ல வர்ற வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி, ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். மனுவ எழுதிக் குடுத்த வாசல்ல உக்காந்திருந்த பெரியவர் எங்ககிட்ட காசு வாங்கல, பேரு கேக்கவும் மறந்துட்டோம் ஐயா, நன்றி.

அங்க எங்க மனுவ வாங்குன அதிகாரி நோட்ட ஒவ்வொரு பக்கமா திருப்புனாரு. வேகமா இல்ல, நிறுத்தி நிறுத்தி. பக்க ஓரமெல்லாம் கருப்பா இருக்கே, இது என்னம்மான்னு கேட்டாரு. தேயிலைக் கறை சார், சனி ஞாயிறு இன்னும் இலை எடுக்கப் போறோம், அதான் போகலன்னு சொன்னேன். கைய காட்டச் சொன்னாரு, காட்டுனோம். வேற ஒண்ணும் கேக்கல, பக்கத்துல இருந்தவர்கிட்ட ஏதோ எழுதச் சொன்னாரு. மூணு வாரம் கழிச்சு சென்டருக்கு லெட்டர் வந்துச்சு, நோட்டுல இருக்குற நாளையும் கணக்குல எடுத்துக்கலாம், மழையில போன நாளுக்குப் பதிலா பயிற்சிய ஆறு வாரம் நீட்டிக்கலாம்னு. சார், உங்களுக்கு அது ஆயிரம் ஃபைல்ல ஒண்ணா இருக்கலாம். எங்க 11 வீட்டுல அன்னிக்கு ராத்திரி பாயாசம் வச்சாங்க.

ஆறு வாரம்னு கேக்க சின்னதா இருக்கும். அந்த ஆறு வாரத்துலதான் நாங்க ஆஸ்பத்திரியில போயி நின்னு வேலை கத்துக்கிட்டோம். எந்திரிக்க முடியாத நோயாளிய ஒருபக்கமா திருப்பி, பழைய பெட்ஷீட்ட முதுகு வரைக்கும் சுருட்டி, புதுச நடுவுல விரிச்சு, அந்தப் பக்கம் திருப்பி இழுக்குறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடலேன்னா படுக்கைப்புண் வந்துடும்னு அங்கதான் தெரிஞ்சுது. வீட்டுல என் வீட்டுக்காரருக்கு இடுப்புல வந்த புண்ணு ஏன் ஆறலன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவர அப்படி ஒரே பக்கமா படுக்க விட்டிருக்க மாட்டேன். இப்ப ஆறிடுச்சு. அந்த வார்டு சிஸ்டருங்க ஒருத்தரும் எங்கள தோட்டத்து ஆளுன்னு ஒதுக்கி வைக்கல, டீ குடிக்கக் கூப்பிட்டா எங்களையும் சேத்துத்தான் கூப்பிடுவாங்க, அது பெரிய விஷயம்ங்க.

இன்னும் நன்றி சொல்லணும். 2024-ல இந்த மலைக்கும் மகளிருக்கு இலவச பஸ் வந்துச்சு, அது இல்லேன்னா நிறைய பேரு பாதியிலயே நின்னிருப்போம். கடைசி பஸ்ஸ ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைக்கிற கண்டக்டர் அண்ணன், பஸ் இல்லாத நாள்ல பாதி காசுக்கு ஏத்திக்கிட்ட ஜீப் டிரைவருங்க, இ-சேவை மையத்துல லைன்ல நிக்க வைக்காம எங்க ஆதார் கைரேகைய திரும்ப எடுத்து, கண்ணையும் பதிவு பண்ணிக் குடுத்த தம்பி, ரத்த அழுத்தம் சர்க்கரை எல்லாத்துக்கும் இங்கிலீஷ் பேரு ராத்திரி உக்காந்து சொல்லிக் குடுத்த என் பொண்ணு, ஒரு நாளும் முகம் சுளிக்காத எங்க மாமியார்.

ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன், கேட்டா தப்பில்லன்னு நினைக்கிறேன். அடுத்த பேட்ச்சையும் இங்க நடத்துங்க, இத்தோட நிறுத்திடாதீங்க. ஊட்டியில 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தாச்சு, மலையில வயசானவங்க கூடிக்கிட்டே போறாங்க, பிள்ளைங்க எல்லாம் திருப்பூர் கோயம்புத்தூர்ல இருக்காங்க, பாத்துக்க ஆளு வேணும். ஆனா ஜூன்ல ஆரம்பிக்காதீங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் இலை கம்மி, எங்களுக்கு வேலையும் கம்மி, மழையும் இல்ல, அப்ப வச்சா ஒருத்தரும் ஒரு நாளும் விட மாட்டாங்க, நீட்டிச்சுக் குடுங்கன்னு யாரும் கேட்டு வரவும் வேண்டியிருக்காது. கீழ்நாட்டுக் காலண்டர் வேற, மலைக் காலண்டர் வேற.

எனக்கு இப்ப கூடலூர்லயே வேலை, வாரத்துல மூணு நாளு நைட் டூட்டி. அடுத்த பேட்ச்ல சேர நினைக்கிற அக்கா தங்கச்சிங்க யாரா இருந்தாலும் ஆதார் கைரேகைய இப்பவே போயி அப்டேட் பண்ணி வச்சுக்கங்க, கண்ணும் பதிவு பண்ணச் சொல்லுங்க. தனியா போக தயக்கமா இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, தேவாலா பஸ் ஸ்டாண்டுல காலையில எட்டு மணிக்கு நிக்கிறேன், சேந்தே போவோம்.