அப்பாவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

பெருங்குடல் புற்று பரவி அப்பாவின் ஈரலில் இருந்த கட்டிகள் நன்றாகச் சுருங்கிவிட்டன. சாப்பாடு இறங்குகிறது, காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுகிறார்.

முதல் நன்றி, நாங்கள் முகம்கூடப் பார்க்காத, கட்டியின் திசுவைச் சோதித்த பேத்தாலஜி டாக்டரம்மாவுக்கு. ‘பெருங்குடல் புற்று’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். கட்டிக்குள் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதைக் கவனித்து, மேற்கொண்டு சோதிக்கச் சொன்னார். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 புரதங்கள் இரண்டும் இல்லை. பிறவியிலேயே வந்த மரபணுப் பிழை என்று ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

ஜெனடிக் கவுன்சலர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்துவதுதான் அந்தப் புரதங்களின் வேலை. திருத்த ஆளில்லாமல் பிழைகள் குவிந்து புற்றாகிறது. அதே பிழைகளால் புற்றுசெல்லில் விநோதமான புரதங்கள் உருவாகி, டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் அதைக் காட்டிக்கொடுத்தும் விடுகின்றன. ஆனால் பிடி-1 என்ற பிரேக் டி செல்களை நிறுத்தி வைத்திருந்தது. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துதான் அப்பாவுக்குக் கொடுத்த பெம்ப்ரோலிசுமாப். 2020-இல் வெளியான கீநோட்-177 ஆய்வில், இந்த வகைப் புற்று பரவியவர்களில் பாதிப் பேருக்காவது நோய் முற்றாமல் இருந்த காலம் கீமோவில் 8.2 மாதம், இந்த மருந்தில் 16.5 மாதம். “எங்கப்பா எனக்கு ஒண்ணுமே வச்சுட்டுப் போகலைன்னு நெனச்சேன்” என்று அப்பா சிரித்தார்.

மருந்தின் விலை உங்களுக்குத் தெரியும். கணக்குக் கேட்காமல் பணம் அனுப்பிய அப்பாவின் பள்ளித் தோழர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கர்ப்பப்பைப் புற்றில் போன பெரிய அத்தையைப் பற்றி மனம் திறந்து பேசிய அத்தானுக்கு நன்றி. அதுவும் இந்தப் பிழையால் வரக்கூடியதே என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்திலும், ஊர் வாய்க்கு அஞ்சாமல் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார் சித்தப்பா. கூடவே நின்றார் சித்தி. அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா தெரியாது. யாருக்கு என்ன முடிவு வந்தது என்பது அவரவர் விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

இன்னும் பரிசோதிக்காதவர்களுக்கு ஒன்று. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இருந்தால், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அப்பாவின் ரிப்போர்ட்டைக் காட்டினால் அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். நகல் என்னிடம் இருக்கிறது. கேளுங்கள், அனுப்புகிறேன்.