ஸ்கீ பாஸ் வாங்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன் உங்கள் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில் ஸ்கீ சீசன் பாஸ், அதாவது பனிமலையில் சறுக்கப் பருவம் முழுவதுக்கும் வாங்கும் அனுமதி அட்டை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஆட்கள் பனிக்காலம் முழுவதும் ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருக்காமல் வெளியே போகவேண்டும் என்று எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் "ஒரே பாஸில் அறுபதுக்கு மேற்பட்ட மலைகள், நாலு நாள் போனாலே போட்ட காசு வந்துவிடும்" என்று ஒரு கணக்கும் சொல்லியிருந்தீர்கள். ஊராருக்கு வரிக்கணக்குப் பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்த வரியைக் கண்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. வரிக்கணக்குக் கொடுக்கக் கடைசி நாளான ஏப்ரல் 30 வரை தலைநிமிர நேரமில்லை, அதனால்தான் பதில் இவ்வளவு சுணங்கிவிட்டது.

இந்த நாலு நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொலராடோவில் வெய்ல் போன்ற பெரிய மலைகளில், கிறிஸ்மஸ் நேரத்தில் நேரே போய் ரிக்கெட் ஜன்னலில் நின்று வாங்கினால் ஒருநாள் ரிக்கெட் 300 அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டது. பல மலைகளுக்கு ஒரே அட்டையாக விற்கப்படும் பாஸ்களில் இரண்டுதான் எபிக்கும் ஐகொனும். 2025-26 பருவத்துக்கு எபிக் பாஸ் 1,051 அமெரிக்க டொலருக்கும், ஐகொன் பாஸின் மலிவான வகையான 'பேஸ்' 909 டொலருக்கும், முழு ஐகொன் 1,329 டொலருக்கும் விற்பனைக்கு வந்தன. 1,051ஐ 300ஆல் வகுத்தால் நாலுக்குள் அடங்கிவிடும். வகுத்தது சரிதான். ஆனால் அந்த 300 டொலரை எங்கள் வீடுகளில் யார் கொடுக்கிறார்கள்? சேலைக் கடையில் விலையட்டையில் 300 என்று போட்டு, கேட்காமலே 140க்குத் தருவார்களே, அதுபோலத்தான் ஜன்னல் விலையும். பாஸ் மலிவு என்று காட்டுவதற்காகவே அது அங்கே தொங்குகிறது.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் இருக்கிற குடும்பம் உண்மையில் என்ன செய்கிறது? நாங்கள் ஏஜாக்ஸில் இருக்கிறோம். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் சப்பாத்துகளைக் காரின் பின்னால் எறிந்துவிட்டு, அக்ஸ்பிரிஜ் பக்கம் இருக்கும் லேக்ரிட்ஜுக்குப் போய் இரவு விளக்கு வெளிச்சத்தில் சறுக்கிவிட்டு வருவோம். பெரிய மலை என்றால் புளூ மவுண்டன், அதுவும் முன்கூட்டியே இணையத்தில் ரிக்கெட் எடுத்துத்தான். ஆக, பாஸ் வாங்காவிட்டால் என் கையிலிருந்து மெய்யாகவே எவ்வளவு போயிருக்கும், அதுதான் வகுக்க வேண்டிய எண். உதாரணத்துக்கு, முன்கூட்டி வாங்கினால் நாளுக்குச் சராசரி 100 கனேடிய டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 909 அமெரிக்க டொலர் எங்கள் காசில் 1,200க்கு மேலே வரும். நாலு நாள் கணக்கு பன்னிரண்டு நாளுக்கு மேலே போய்விடுகிறது. பன்னிரண்டு நாள் என்றால் ஒன்ராறியோ பனிக்காலத்தில் ஏறக்குறைய நாலு கிழமையில் மூன்று கிழமை. பிறந்தநாள் விழா, சாமத்தியவீடு, காய்ச்சல், ஹொக்கி, தமிழ் வகுப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டு எத்தனை சனிக்கிழமை மிஞ்சுகிறது என்று சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிடம்தான் கேட்கவேண்டும்.

என் நிலைமை இன்னும் மோசம். பெப்ரவரி கடைசியில் ஆட்கள் ரி-4 துண்டுகளை, அதாவது வேலைத்தலம் கொடுக்கும் சம்பளக் கணக்குத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கிவிடுவார்கள். அதிலிருந்து ஏப்ரல் 30 வரை எனக்குச் சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. பனி நன்றாக இறுகி, வெயிலும் அடித்து, மலை மிக அழகாக இருக்கும் மார்ச் மாதத்தில் நான் யாரோ ஒருவருடைய பெற்றோல் ரசீதை எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்குக் கிடைப்பது டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பெப்ரவரியில் கொஞ்சமும்தான். மலிவான பாஸ்களோ சரியாக அந்தக் கிறிஸ்மஸ் வாரத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் சில மலைகளில் செல்லாது. மலிவுக்குக் காரணமே அதுதானே.

அடுத்தது அந்த அறுபது மலைப் படம். உங்கள் கட்டுரையோடு போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்தால் யப்பான் முதல் சிலி வரை எல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் போலத் தெரிகிறது. நடைமுறையில், எபிக் பாஸை நடத்தும் வெய்ல் ரிசோர்ட்ஸுக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சொந்தமாக ஒரு மலைகூட இல்லை. கனடாவில் அவர்களுடையது பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர், 2016இல் வாங்கியது. ரொறன்ரோவிலிருந்து அதற்கு விமானம் ஏறவேண்டும். ஐகொன் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. அதை நடத்தும் அல்ட்டெரா நிறுவனத்தின் கையில்தான் கொலிங்வூட் பக்கத்துப் புளூ மவுண்டனும் கியூபெக்கின் ட்ரெம்ப்ளாண்டும் இருக்கின்றன. ஆனால் அல்பேர்ட்டாவின் பான்ஃப் பக்கம் போனால் சிறிய எழுத்தை வாசியுங்கள். சன்ஷைன், லேக் லூயிஸ், நோர்க்கே என்று வரைபடத்தில் மூன்று மலை. முழு ஐகொன் பாஸ் அங்கே தருவது மூன்றுக்கும் சேர்த்து ஏழு நாள், பேஸ் பாஸில் ஐந்து. வாழ்க்கையில் ஒருமுறை பான்ஃப் போய்ச் சறுக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, அதில் சேர்ந்த மலைக்கு இரண்டு நாள் என்று தந்து மேலதிக நாளுக்குப் பாதி விலை எடுக்கும் மவுண்டன் கலெக்டிவ் பாஸ் போதும். கல்கரிக்கு விமானம், வாடகைக் கார், தங்குமிடம், சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் மலையுச்சிக்கு ஏற்றிவிடும் லிப்ட்டுக்கான ரிக்கெட் அந்தப் பயணத்தின் சின்னச் செலவுகளில் ஒன்று.

புளூ மவுண்டனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு 220 மீற்றர் உயரம்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்ரோக்கில் அது 1,700 மீற்றருக்கு மேலே. வெள்ளி மாலை 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகரம் வரை ஊர்ந்து, பிறகு 26இல் திரும்பிப் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் பின் ஆசனத்தில் நித்திரையாகிவிடுவார்கள். மறுநாள் லிப்ட்டடியில் வரிசை. இதெல்லாம் பாஸ் விலையில் சேராத செலவு. ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுப்பதும், பயிற்சி வகுப்பும் அப்படித்தான். வளர்கிற பிள்ளைக்குக் கடையில் பருவ வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். டிசம்பரில் அளவான சப்பாத்து அடுத்த டிசம்பரில் காலுக்குள் போகாது.

ஏன் இதையெல்லாம் வசந்த காலத்திலேயே விற்கிறார்கள் என்று என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. 2008இல் வெய்ல் நிறுவனம் எபிக் பாஸை 579 டொலருக்குக் கொண்டுவந்தபோது அது ஒரு துணிச்சலான யோசனை. பனி விழுமா விழாதா என்ற பயம் அதுவரை மலைக்காரனுடையது. காசை மார்ச்சிலும் மேயிலும் வாங்கிவிட்டால் அந்தப் பயம் எங்கள் தலைக்கு மாறிவிடுகிறது. டிசம்பரில் மழை பெய்து மலை பச்சையாகக் கிடந்தாலும் அவர்களுடைய வருமானம் வங்கியில் இருக்கும். 2023 டிசம்பர் இங்கே எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன், 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் மலைகள் எல்லாம் மூடப்பட்டன. அந்த டிசம்பர் 26இலிருந்து பெப்ரவரி வரை ஒன்ராறியோ அரசு மறுபடியும் மூடியது, தரைவழி அமெரிக்க எல்லையும் பூட்டு. கையில் பாஸ் இருந்தும் மலைக்குப் போக வழியில்லாத பருவம் அது. இப்போது சில பாஸ்களோடு காயம், வேலை இழப்பு போன்றவற்றுக்குக் காப்பு ஒன்று வருகிறது. எதற்குத் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்று வாங்குமுன் வாசிப்பது நல்லது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு மே மாதத்தில் கடனட்டையில் பாஸ் எடுத்து, அதை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால், இருபது சதவீதத்தை ஒட்டிய வட்டி பனி விழுமுன்னரே சலுகையைத் தின்றுவிடும். இப்படியான அட்டைக் கணக்குகளை என் மேசையில் நிறையப் பார்க்கிறேன்.

அப்போ பாஸே வாங்கக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை பரியில் தாதியாக இருக்கிறாள். அவளுக்கு வேலை மாறிமாறி வரும், கிழமை நாட்களில் ஓய்வு கிடைக்கும். புளூ மவுண்டனுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடுவாள். முழு ஐகொன் பாஸில் அங்கே நாட்கணக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, வரிசையே இல்லாத மலையில் இரண்டு மணித்தியாலம் சறுக்கிவிட்டு மதியச் சமையலுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பாஸின் மெய்யான இன்பம் அந்த இரண்டு மணித்தியாலம் என்பேன். நாள் ரிக்கெட் எடுத்தவன், காசு கொடுத்துவிட்டோமே என்று கால் உளைய உளைய மாலைவரை ஏறி இறங்குவான், விரல் விறைத்தாலும் விடமாட்டான். பாஸ் வைத்திருக்கிறவளுக்கு அந்த அந்தரம் இல்லை. காற்று அடித்தால் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம். இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நிரல் கிடையாது, ஆனால் பெறுமதி உண்டு. நான் கணக்கன் என்பதற்காக அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எல்லோரும் அப்படி நினைத்து வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. கொலராடோவில் அரபாஹோ பேசின் என்ற மலை, கூட்டத்தையும் கார் நிறுத்த இடமில்லாததையும் தாங்க முடியாமல் 2019இல் எபிக் பாஸை விட்டே விலகியது. 2021இல் வெய்ல் நிறுவனம் விலையை இருபது சதவீதம் குறைத்தபோது விற்பனை ஏறியது, அடுத்த பனிக்காலத்தில் வரிசை பற்றிய முறைப்பாடுகளும் ஏறின.

என் மச்சானுக்கும் சேர்த்து ஒரு தகவல். பாஸை மாற்றிக் கொடுக்க முடியாது. "நீ பாஸ் எடு, நீ போகாத சனிக்கிழமை நான் கொண்டு போறன்" என்று போன வருடம் கேட்டார். லிப்ட் வாசலில் அட்டையை இயந்திரம் வாசிக்கும், அங்கே நிற்கிற பெடியனின் கையிலிருக்கும் திரையில் படம் வரும். மச்சானுக்கு என்னைவிடத் தலைமயிர் அதிகம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். பாஸ் வாங்கியவருக்கு மலை மலிவு. முன்கூட்டித் திட்டமிடத் தெரிந்தவருக்கு ஓரளவு மலிவு. முழு விலையும் யார் தலையில் விழுகிறது? இந்த நாட்டுக்கு வந்து முதல் பனிக்காலம் காணும் மாணவன், "ஒருக்கால் போய்ப் பார்ப்பமே" என்று பெப்ரவரி நீண்ட வார இறுதியில் நாலு நண்பர்களோடு ஒரு காரில் நெருக்கியடித்துப் போகிறவன். அவனுக்கு மார்ச் மாதச் சலுகை தெரியாது. ஜன்னலில் நின்று அட்டையை நீட்டுவான். வீட்டுக்கு வந்து, இது எங்களுக்கான விளையாட்டு இல்லை என்று முடிவுகட்டிவிடுவான். எங்கள் ஆட்கள் மலையில் குறைவாக இருப்பதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை.

ஆகவே, அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, அறுபது மலை வரைபடத்துக்குப் பதில் இவற்றைப் போடுங்கள். நோர்த் யோர்க்கில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவிலும் எற்றோபிக்கோவில் சென்ரெனியல் பூங்காவிலும் ரொறன்ரோ நகரசபையே சின்னச் சறுக்கு மேடுகளை நடத்துகிறது. பழகுவதற்கு அந்த உயரம் தாராளம். மில்ரன் பக்கம் இருப்பவர்களுக்குக் கிளென் ஈடன் இருக்கிறது. நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கனேடிய ஸ்கீ கவுன்சில் வழங்கும் ஸ்னோபாஸ் என்று ஒன்று உண்டு. சின்னத் தொகைக்கு நாடு முழுவதும் பல மலைகளில் பிள்ளைக்கு லிப்ட் ரிக்கெட் கிடைக்கும். எங்கள் மகன் சறுக்கப் பழகியதே அதில்தான். அந்த வகுப்பில் பிள்ளை இருக்கும் எத்தனை தமிழ் வீடுகளுக்கு இது தெரியும்? உள்ளூர் மலைகள் தங்களுக்கென்று விற்கும் பாஸ்களையும் ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதினால் நல்லது.

எங்கள் வீட்டில் இம்முறை மகளுக்கு மட்டும் ஐகொன் எடுக்கிறோம். பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், இளையோருக்கான விலை அவளுக்குப் பொருந்தும், வெள்ளிக்கிழமை வகுப்பில்லை, தோழிகளோடு ரெவல்ஸ்ரோக் போகிற யோசனையும் இருக்கிறது. நானும் மனைவியும் மகனும் வழக்கம்போல இரவு ரிக்கெட்தான். விலை ஏறுவதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன என்று மின்னஞ்சல் வந்தபடியே இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் போடுவதானால் அதற்குமுன் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வரிக்கணக்குப் பார்க்கும் ஒரு வாசகன்,
ஏஜாக்ஸ், ஒன்ராறியோ.