டைக்ஸ்ட்ராவை ஊட்டி ரோட்டில் நடத்திக் காட்டுங்கள்

நீலகிரி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930இல் ராட்டர்டாமில் பிறந்தார், 1972இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கினார் என்று சார்ட்டில் எழுதி ஒட்டுவதோடு தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். 1956இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக் கடையொன்றில், தாளும் பென்சிலும் இல்லாமல், இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க இருபதே நிமிடத்தில் அவர் யோசித்த முறைதான் அவரை அறிய நல்ல வாசல். அர்மாக் கணினியைப் பொதுமக்களுக்கு இயக்கிக் காட்ட நெதர்லாந்தின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டார். ஓர் ஊரைக் குறிக்க 6 பிட் (0 அல்லது 1 என ஆறு இலக்கம்) போதும் என்பதே காரணம். நமக்கு நான்கு ஊர் போதும்.

கரும்பலகையில் வரையுங்கள், தூரம் ஏறக்குறையத்தான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 34 கி.மீ., கோத்தகிரி 33. ஊட்டிக்குக் குன்னூரிலிருந்து 18, கோத்தகிரியிலிருந்து 29. கோத்தகிரி, குன்னூர் இடையே 21.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குறுகிய பாதை எது என்பதே கேள்வி. மேட்டுப்பாளையத்துக்கு 0 போட்டு வட்டமிடுங்கள். குன்னூருக்கு 34, கோத்தகிரிக்கு 33 எழுதுங்கள். இருப்பதில் சிறியது 33. கோத்தகிரியை வட்டமிட்டு அங்கிருந்து பாருங்கள். ஊட்டிக்கு 62 வருகிறது. குன்னூருக்கு 54 வரும், ஆனால் ஏற்கெனவே 34 இருப்பதால் மாற்றம் இல்லை. அடுத்து குன்னூரை வட்டமிட்டால் ஊட்டிக்கு 52. இப்போது 62ஐ அடித்துவிட்டு 52 எழுத வேண்டும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: ஊட்டிக்கு முதல் எண் விழுந்ததுமே விடை வந்துவிட்டதாக நினைத்து 62இல் நின்றுவிடுவார்கள். வட்டமிட்ட பிறகுதான் ஓர் ஊரின் எண் முடிவானது. அடித்து எழுதிய எண்ணை அழிக்காமல் பலகையிலேயே விட்டுவையுங்கள்.

கிலோமீட்டருக்குப் பதில் நிமிடம் போட்டாலும் முறை இதுவே. ஆனால் மின்சாரக் காரின் சார்ஜ் செலவைப் போட்டால் சிக்கல். மலை இறங்கும்போது பேட்டரிக்குச் சார்ஜ் திரும்புவதால் சில பாதைகளின் எண் மைனஸில் போகும். வட்டமிட்டு முடித்த ஊருக்கே பின்னால் குறைந்த எண் வரக்கூடும், டைக்ஸ்ட்ரா முறையோ அதைத் திரும்பிப் பார்க்காது. அங்கே மைனஸ் எண்களையும் சமாளிக்கும் பெல்மேன்–ஃபோர்டு முறை வேண்டும்.

கடைசியாக, கோடுகளுக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழி ஆக்கும் நாட்களில், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் கணக்கைக் கொடுங்கள். அடித்துவிட்ட அந்த 62தான் அப்போது சரியான விடை.