கல்லாப்பெட்டி ஓரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டார மளிகைக்கடை முதலாளிமார்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை ஒரு கடையில் பணம் கட்ட நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேரனும். அரிசி, வெங்காயம், நெத்திலி எல்லாம் கல்லா மேசைக்குப் போய்விட்டன. பையனின் கண்ணுக்கு நேரே கலர் தண்ணி டின்கள், அதற்குக் கீழே மிட்டாய். அவன் கேட்கக்கூட இல்லை, ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்தான். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவுய்யா?" என்று விலையைத்தான் கேட்டார்.

நானும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று இருந்தது. டின் 320 மில்லி. அப்படியென்றால் 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி. காப்பியில் எட்டுக் கரண்டி போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் அந்தப் பாட்டியே அடிக்க வருவார்.

நம் மலேசியாவில் இனிப்புத் தண்ணிக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2025-இல் அது 90 காசு. இந்த டின்னுக்குக் கணக்குப் போட்டால் 29 காசு. விலையோடு விலையாகக் கரைந்துவிடுகிறது. சிலி நாட்டில் 2016 முதல் பாக்கெட்டின் முகத்திலேயே 'சீனி அதிகம்' என்று கறுப்பு எண்கோண முத்திரை. நம்முடைய 'பிலிஹான் லெபிஹ் சிஹாட்' (உடம்புக்கு இன்னும் நல்ல தேர்வு) சின்னமோ தேறியதன்மேல் மட்டும்தான் இருக்கும். தேறாதது சத்தமில்லாமல் அதே தட்டில் நிற்கும்.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகள் சீனி அதிகமான தண்ணி, மிட்டாய் வகைகளைப் பணம் கட்டும் இடத்தில் அடுக்கக் கூடாது. சிறிய கடைகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. ஆக, உங்களைத் தேடிச் சட்டம் வராது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

வாசல் குளிர்ப்பெட்டி கம்பெனிக்காரன் கொடுத்தது, அவன் சொல்கிற இடத்தில்தான் நிற்கும். சரி, நிற்கட்டும். கல்லா ஓரம் உங்களுடையதுதானே? டின்களைப் பின்தட்டுக்குத் தள்ளி, அங்கே தண்ணீர் போத்தல், கச்சான் கடலை, வாழைப்பழம் வையுங்கள். சிகரெட்டைக்கூட மறைத்துத்தானே வைத்திருக்கிறீர்கள், கடையா மூடிவிட்டது?

இந்த நாட்டில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) என்கிறது 2023 சுகாதார ஆய்வு. கிளினிக் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் உங்கள் கடன் நோட்டில் இருப்பவர்கள். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், பின்தட்டில் டின்னுக்கு மேலே 'எட்டுக் கரண்டி சீனி' என்று தமிழில் பெரிதாக ஓர் அட்டை. அட்டையும் மார்க்கரும் நான் கொண்டுவருகிறேன். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கைக்காரி